வேரைக் கழுவிப் பாருங்கள்

செங்கோட்டையிலிருந்து கொல்லம் சாலையில் மேற்கே போனால், மலை ஏறும் எஸ் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் புளியறை வரும். தென்காசி மாவட்டத்தின் மேற்கு ஓரம் அது. தாண்டினால் கோட்டைவாசல், அப்புறம் கேரளம். சாலையின் இரண்டு பக்கமும் நெல் வயல், வயலுக்குப் பின்னால் தென்னை, தென்னைக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் இந்தப் பக்கமும் வந்து, வண்டியை நிறுத்தி, அந்தப் பச்சையைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது? மலைத் தண்ணீரிலிருந்து என்று சொன்னால் பாதிதான் சரி. இலை பச்சையாக இருக்கப் பச்சையம் வேண்டும். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. இலை, தண்டு, விதை எல்லாவற்றிலும் இருக்கும் புரதத்துக்கும் நைட்ரஜன் வேண்டும். அது குறைந்தால் அடி இலைகள் முதலில் வெளுத்து மஞ்சளாகும், பயிர் குட்டையாக நிற்கும். நம் விவசாயிகள் இதைத் தழைச்சத்து என்கிறார்கள். தழையைத் தழைக்க வைக்கிற சத்து.

இந்தச் சத்துக்குப் பஞ்சமே இருக்கக் கூடாது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். வயலில் நிற்கும் ஒவ்வொரு நெற்பயிரும் நாள் முழுக்க நைட்ரஜனிலேயே மூழ்கி நிற்கிறது. ஆனாலும் அதில் ஒரு துளியைக்கூட நெல்லால் எடுத்துக்கொள்ள முடியாது. காரணம், காற்றில் நைட்ரஜன் அணுக்கள் தனித்தனியாக இல்லை. இரண்டிரண்டாகச் சேர்ந்து, மூன்று பிணைப்புகளால் கட்டுண்டு கிடக்கின்றன. வேதியியலில் மிக வலுவான பிணைப்புகளில் அதுவும் ஒன்று. அதை உடைத்து ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கினால்தான் செடிக்குப் பயன்படும். செடிக்கோ, நமக்கோ, ஆட்டுக்கோ மாட்டுக்கோ அந்தப் பிணைப்பை உடைக்கத் தெரியாது.

மனிதர்கள் தொழிற்சாலையில் உடைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-ல் வழி கண்டுபிடித்தார். கார்ல் போஷ் அதைப் பெரிய ஆலையாக்கினார். 1913-ல் ஒப்பாவ் என்ற ஊரில் அந்த ஆலை இயங்கத் தொடங்கியது. 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நாம் உணரும் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தமும் வேண்டும். நம் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலை 1975 முதல் யூரியா தயாரிக்கிறது. அங்கும் முதல் வேலை இந்த அம்மோனியாவைச் செய்வதுதான். எவ்வளவு எரிபொருள் செலவாகும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளலாம்.

இதே வேலையை அடுப்பும் இல்லாமல், அழுத்தமும் இல்லாமல், வயல் மண்ணின் சாதாரண வெப்பத்தில் செய்கிற உயிர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அவை. அவற்றைப் பார்க்க முடியாவிட்டாலும், அவை குடியிருக்கும் இடத்தை நீங்கள் வெறும் கண்ணால் பார்க்கலாம்.

தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் கார், பிசானம் என்று இரண்டு நெல் பருவங்கள். பிசான நெல் அறுவடையாகும் சமயத்தில் மண்ணில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும். அந்த ஈரத்தை வீணாக்காமல் உளுந்து விதைப்பார்கள். அறுவடைக்கு 5 முதல் 10 நாளுக்கு முன்பே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்கு நடுவே உளுந்தை வீசி விதைக்கும் பழக்கம் நெல் தரிசு நிலங்களில் உண்டு. நெல்லை அறுத்துப் போன பிறகு தாளுக்கு நடுவே உளுந்து தலைகாட்டும். இந்த உளுந்து வயல்தான் நம் ஆய்வுக்கூடம்.

விதைத்து 30 முதல் 35 நாள் ஆன உளுந்துச் செடி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் நாம் பார்க்க வேண்டியது மண்ணிலேயே நின்றுவிடும். சுற்றிலும் தோண்டி, மண்கட்டியோடு எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் ஊற வையுங்கள். மண் தானாகக் கரைந்து இறங்கும். பிறகு வேரைப் பாருங்கள். பக்க வேர்களில் அங்கங்கே சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சில கடுகளவு, சில மிளகளவு. இவைதான் வேர் முடிச்சுகள்.

முதன்முறை பார்க்கிறவர்கள் இதை நோய் என்று நினைப்பதுண்டு. அப்படி நினைப்பதில் தப்பில்லை. நூற்புழு தாக்கினாலும் வேர் முண்டு முண்டாக வீங்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. நல்ல முடிச்சை விரலால் தள்ளினால் வேரிலிருந்து தனியாகக் கழன்று வந்துவிடும். நூற்புழு வீக்கம் வேரே பருத்துப் போனது, அதைக் கழற்ற முடியாது.

கழன்று வந்த முடிச்சை நகத்தால் இரண்டாகக் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்துகொண்டிருக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது அந்த முடிச்சால் பயனில்லை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

ஒரு செடியின் வேருக்குள் சிவப்பு எப்படி வந்தது? எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். நைட்ரஜன் பிணைப்பை உடைக்கும் நொதியின் பெயர் நைட்ரோஜினேஸ். இரும்பும் மாலிப்டினம் என்ற உலோகமும் அதற்குள் இருக்கின்றன. அந்த நொதிக்கு ஆக்சிஜன் எதிரி. ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் அந்த நொதியை வைத்திருக்கும் பாக்டீரியாவோ மூச்சுவிட ஆக்சிஜன் கேட்கிறது. ஆக்சிஜன் இருக்கவும் வேண்டும், இருக்கவும் கூடாது! இந்தச் சிக்கலைச் செடியும் பாக்டீரியாவும் சேர்ந்து தீர்த்திருக்கின்றன. முடிச்சுக்குள் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் நிறைந்திருக்கிறது. அது ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, பாக்டீரியாவுக்குத் தேவையான அளவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு கொடுக்கிறது. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு இது உறவு. இரண்டிலும் இரும்பு இருக்கிறது, இரண்டும் ஆக்சிஜனைச் சுமக்கின்றன. 1939-ல் ஜப்பானிய விஞ்ஞானி ஹிதேயோ குபோ, சோயா மொச்சையின் வேர் முடிச்சில்தான் இதை முதலில் அடையாளம் கண்டார்.

முடிச்சில் பாக்டீரியா இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த கதை இன்னும் பழையது. ஜெர்மனியில் ஹெர்மான் ஹெல்ரீகல் என்பவர் உதவியாளர் வில்ஃபார்த்தோடு சேர்ந்து மணல் தொட்டிகளில் பயிர் வளர்த்துப் பார்த்தார். தானியப் பயிர்களுக்கு நைட்ரஜன் உரம் எவ்வளவு கொடுத்தாரோ அவ்வளவுக்குத் தகுந்தபடி அவை வளர்ந்தன. கணக்கு ஒழுங்காக வந்தது. பட்டாணியில் மட்டும் கணக்கு இடித்தது. உரமே கொடுக்காத தொட்டிகளில் சில செடிகள் சாகிற மாதிரி வாடின, பக்கத்துத் தொட்டியில் சில செடிகள் செழித்து நின்றன. மணலை நன்றாகச் சூடாக்கி உயிர்களைக் கொன்றுவிட்டு விதைத்துப் பார்த்தார்கள். எல்லாப் பட்டாணியும் வாடிப்போயின. அதே மணலில் வயல் மண்ணைக் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள். வேரில் முடிச்சு வந்தது, செடி பச்சை பிடித்தது. மண்ணில் இருக்கும் ஏதோ ஓர் உயிர்தான் காற்றின் நைட்ரஜனைச் செடிக்குக் கொடுக்கிறது என்று 1886-ல் பெர்லினில் கூடிய விஞ்ஞானிகளிடம் அவர் சொன்னார். இரண்டே ஆண்டில், 1888-ல், நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் அந்தப் பாக்டீரியாவை முடிச்சிலிருந்து தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். இன்று அந்தக் கூட்டத்தைப் பொதுவாக ரைசோபியம் என்கிறோம்.

மணல், தொட்டி, விதை, தண்ணீர். ஹெல்ரீகலின் சோதனையில் முக்கியமானவை இவ்வளவுதான். உங்களாலும் இதைச் செய்ய முடியும். கடைசியில் சொல்கிறேன்.

பாக்டீரியா வேருக்குள் எப்படிப் போகிறது? திருட்டுத்தனமாக அல்ல, அழைப்பின் பேரில்தான். தழைச்சத்து குறைவாக இருக்கும் மண்ணில் உளுந்து வேர் சில வேதிப்பொருள்களைக் கசிய விடும். அது தனக்கு வேண்டிய பாக்டீரியாவுக்கு விடுக்கும் அழைப்பு. பாக்டீரியா பதிலுக்குத் தன் வேதிப்பொருளைச் சுரக்கும். அது செடிக்குத் தெரிந்த பொருளாக இருந்தால், மெல்லிய வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை அணைத்துக்கொள்ளும். பிறகு ஒரு நுண்ணிய குழாய் வழியாக உள்ளே விட்டு, வேரில் புதிய செல்களை உண்டாக்கி வீடு கட்டித் தரும். அந்த வீடுதான் முடிச்சு. விதைத்த இரண்டு மூன்று வாரத்தில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிடும்.

செடி கொடுப்பது சர்க்கரை, பாக்டீரியா கொடுப்பது அம்மோனியா. செடிக்கு இது இலவசம் இல்லை. 1 கிராம் நைட்ரஜனைப் பெற, சர்க்கரையாகச் சேமித்த கரிமத்தில் ஏறக்குறைய 6 கிராமை அது செலவிட வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, சர்க்கரையைத் தின்றுவிட்டு வேலை செய்யாமல் ஏமாற்றும் பாக்டீரியாவும் இருக்குமே?

இருக்கிறது. செடி அதைச் சும்மா விடுவதில்லை. அமெரிக்காவில் டோபி கியர்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003-ல் இதைச் சோயாச் செடியில் சோதித்தார்கள். சில முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜனே இல்லாத காற்றை வைத்தார்கள். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆர்கான் வாயு. அந்த முடிச்சிலிருந்த பாக்டீரியாக்கள் விரும்பினாலும் அம்மோனியா செய்ய முடியாது. சோயாச் செடி என்ன செய்தது தெரியுமா? அந்த முடிச்சுகளுக்குள் போகும் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டது. வேலை நடக்கிற முடிச்சில் பாக்டீரியாக்கள் நன்றாகப் பெருகின. வேலை நடக்காத முடிச்சில் பெருக்கம் குறைந்துபோனது. மூளையோ கண்ணோ இல்லாத ஒரு செடி, தன் வேரில் உள்ள முடிச்சுகளில் எது பயனுள்ளது என்று பார்த்து நடந்துகொள்கிறது.

சோயாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். மீல் மேக்கர் குழம்பு சாப்பிட்டிருப்பீர்கள். எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வதுதான் மீல் மேக்கர். சோயாவில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம். உளுந்தில் அதிகம்போனால் 25 சதவீதம். இவ்வளவு புரதம் சேர்க்க வேண்டுமென்றால் எவ்வளவு தழைச்சத்து வேண்டும்! 1 டன் சோயா விளைய, செடிகள் ஏறக்குறைய 80 கிலோ நைட்ரஜனைத் தங்களுக்குள் சேர்க்கின்றன. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவும் சொச்சமும்தான். 1 டன் சோயாவுக்கு 4 மூட்டை என்று வருகிறது. நல்ல முடிச்சுகள் இருந்தால் அதில் பாதிக்கு மேல் காற்றிலிருந்தே கிடைத்துவிடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். ரைசோபியத்தில் பல இனங்கள் உண்டு. எல்லாப் பயறும் எல்லா இனத்தையும் சேர்த்துக்கொள்வதில்லை. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை எல்லாம் நம் மண்ணில் பல நூற்றாண்டாக விளைகின்றன. அவற்றுக்கு வேண்டிய பாக்டீரியா நம் மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. சேர்க்கையிலும் அவை தாராளமானவை. சோயா சீனாவிலிருந்து உலகுக்குப் போன பயிர். அதற்குப் பிடித்த துணை பிராடிரைசோபியம் ஜப்பானிகம் என்ற பாக்டீரியா. ஆய்வுக்கூடத் தட்டில் மெதுவாக வளரும் இனம் அது. 1960-களில் ஜபல்பூரிலும் பந்த்நகரிலும் அமெரிக்க சோயா ரகங்களைப் பயிரிட்டுப் பார்த்தபோது நம் ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். விதை மட்டும் வந்தால் போதாது, அதன் பாக்டீரியாவும் கூடவே வர வேண்டும். சோயா மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் பரவியபோது ரைசோபியம் பாக்கெட்டுகளும் கூடப் பரவின. இன்று இந்தூரில் சோயாவுக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

வீட்டில் பால் இருந்தால் மட்டும் தயிர் ஆகிவிடாது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி உறை ஊற்ற வேண்டும். சோயா விதைக்கு ரைசோபியம் அப்படித்தான். அந்த உறையைத்தான் நுண்ணுயிர் உரம் என்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு பயிருக்கும் பொருத்தமான ரைசோபியத்தைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. சோயாவுக்கென்று கொடுப்பது நிலக்கடலைக்கு ஆகாது. கரித்தன்மையுள்ள கறுப்புத் தூளில் பாக்டீரியாவைக் கலந்து 200 கிராம் பாக்கெட்டாகத் தருவார்கள். இப்போது திரவமாகவும் வருகிறது. 1 கிராம் தூளில் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும் என்பது அரசு விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாக்கெட்டில் 1000 கோடி. உலகத்து மனிதர்கள் எல்லாரையும் விட அதிகம்.

அதை விதையோடு சேர்க்கும் முறையும் நம் அடுக்களையிலிருந்தே வருகிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் தூளைக் கலந்து, விதையைக் கொட்டி, எல்லா விதையிலும் கறுப்பாக ஒட்டும்படி புரட்டுவார்கள். நிழலில் கொஞ்ச நேரம் உலர்த்தி உடனே விதைத்துவிட வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு வேண்டிய விதைக்கு 3 பாக்கெட், அதாவது 600 கிராம் போதும். கஞ்சி சூடாக இருந்தால் பாக்டீரியா செத்துவிடும். வெயிலில் காய வைத்தாலும் செத்துவிடும். பூஞ்சைக்கொல்லி மருந்து தடவிய விதையென்றால் 24 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். பாக்கெட்டின் மேல் இருக்கும் காலாவதி தேதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. உள்ளே இருப்பது உயிர் என்பதை மறந்தால் அது வெறும் கறுப்புப் பொடிதான்.

இதைச் சரியாகச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பிரேசில் சாட்சி. உலகிலேயே அதிகம் சோயா விளைவிக்கும் நாடு அது. அங்கே பெரும்பாலான விவசாயிகள் சோயாவுக்குத் தழைச்சத்து உரம் போடுவதில்லை. ஆண்டுதோறும் விதையில் பாக்டீரியாவைச் சேர்த்து விதைக்கிறார்கள். இந்தப் பாதையைப் போட்டவர் ஜொஹானா டொபரெய்னர் என்ற பெண் விஞ்ஞானி. பிறகு வந்த மரியாஞ்ஜெலா ஹங்ரியா இன்னொரு படி முன்னே போனார். பிராடிரைசோபியத்தோடு அசோஸ்பைரில்லம் என்ற வேறொரு பாக்டீரியாவையும் சேர்த்துக் கொடுத்தார். அசோஸ்பைரில்லம் சுரக்கும் ஊக்கிகளால் வேர் கிளைத்து வளர்கிறது, வேர்த்தூவிகள் அதிகமாகின்றன. முடிச்சு வரும் இடங்களும் கூடுகின்றன. இந்தப் பணிக்காக 2025-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அசோஸ்பைரில்லம் நம் நெல் விவசாயிகளுக்கும் தெரிந்த பெயர்தான். வேளாண்மை விரிவாக்க மையத்தில் ரைசோபியத்தின் பக்கத்திலேயே அந்தப் பாக்கெட்டும் இருக்கும்.

பாக்டீரியாவைக் கொடுத்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணில் ஏற்கெனவே இருக்கும், அவ்வளவு திறமையில்லாத இனங்கள் முந்திக்கொண்டு முடிச்சுக்குள் புகுந்துவிடலாம். விஞ்ஞானிகள் இன்றும் மல்லுக்கட்டும் பிரச்சினை இது. புளிப்பு மண்ணில் ரைசோபியம் பெருகாது, மாலிப்டினமும் செடிக்குக் கிடைக்காது. அங்கே சுண்ணாம்பு சேர்க்க வேண்டியிருக்கும். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைந்தாலும் முடிச்சு சரியாக வளராது. எல்லாவற்றையும் விட முக்கியம், யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சே வராது. மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது, சர்க்கரை செலவழித்துப் பாக்டீரியாவை வளர்க்கச் செடி சம்மதிப்பதில்லை. பயறு வயலில் தேவைக்கு மேல் யூரியா போடுவது காசைக் கொடுத்து முடிச்சைக் கெடுப்பது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நெல் வயலுக்கும் இந்தப் பாக்டீரியாவால் பயன் உண்டு. நெல்லுக்கு முடிச்சு வராது. அதனால் நம் முன்னோர் சுற்றி வளைத்து ஒரு வழி கண்டார்கள். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு அல்லது சணப்பு விதைப்பார்கள். பூக்கும் தறுவாயில், வளர்ந்த செடியை அப்படியே மடக்கி உழுதுவிடுவார்கள். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து சேர்த்த நைட்ரஜன், தழை மட்கும்போது நெல்லுக்குப் போய்ச் சேரும். கொளுஞ்சியும் அப்படித்தான். இப்படி மடக்கி உழும் தழையைப் பசுந்தாள் உரம் என்பார்கள். மணிலா அகத்தி என்று ஒரு செடி இருக்கிறது, அதற்கு வேரில் மட்டுமல்ல, தண்டிலும் வரிசையாக முடிச்சுகள் வரும். தண்ணீர் தேங்கிய வயலிலும் அது தன் வேலையை நிறுத்தாது. ரசாயன உரம் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு இந்தப் பழக்கம் குறைந்தது. தமிழ்நாடு அரசு 2024-ல் தொடங்கிய ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதைகள் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்.

பயறுக் குடும்பத்தில் பிறந்த எல்லாவற்றுக்கும் முடிச்சு உண்டா என்று கேட்டால், இல்லை. புளியமரமும் அந்தக் குடும்பம்தான், காயைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அதன் வேரில் முடிச்சு வராது. மஞ்சள் பூ சரம் சரமாகத் தொங்கும் கொன்றைக்கும், ஆவாரைக்கும் வராது. வரப்பில் கிடக்கும் தொட்டாற்சிணுங்கிக்கு வரும். அகத்திக்கும் புங்கனுக்கும் வரும். ஏன் சிலவற்றுக்கு வந்தது, சிலவற்றுக்கு வரவில்லை என்பதை மரபணுக்களைப் படித்து இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நெல்லுக்கும் கோதுமைக்கும் ஒருநாள் முடிச்சு வரவைக்க முடியுமா என்ற பெரிய கேள்வியும் அதற்குள் இருக்கிறது. உங்களில் யாராவது பெரியவரானதும் அதற்கு விடை காணலாம்.

இப்போது சொன்னபடி சோதனை. ஆற்று மணலை நாலைந்து முறை அலசி, வீட்டில் பெரியவர் ஒருவர் உதவியோடு பழைய பாத்திரத்தில் தண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்க வைத்து ஆற வையுங்கள். அடியில் ஓட்டை போட்ட மூன்று தொட்டிகளைக் கொதித்த நீரில் கழுவி, மணலை நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை விறகுச் சாம்பல். விறகு எரியும்போது அதிலிருந்த நைட்ரஜன் புகையோடு போய்விடும், மற்ற தாதுச் சத்துகள் சாம்பலில் நிற்கும். அதனால்தான் சாம்பல். மூன்றிலும் உளுந்து விதையுங்கள். தோல் நீக்காத முழு உளுந்தாக இருக்க வேண்டும்.

முதல் தொட்டிக்கு வெறும் தண்ணீர், அதுவும் கொதித்து ஆறியது. இரண்டாவது தொட்டிக்கு, வயலிலிருந்து எடுத்த இளஞ்சிவப்பு முடிச்சுகளைக் கொஞ்சம் நீரில் நசுக்கி, முளை வந்ததும் ஊற்றுங்கள். மூன்றாவது தொட்டிக்கு நாலைந்து யூரியா மணிகளைக் கரைத்த தண்ணீர். இரண்டாவது தொட்டிக்குப் பயன்படுத்திய கரண்டியை மற்ற தொட்டிகளில் போட வேண்டாம், பாக்டீரியா கூடவே போய்விடும். தொட்டிகளை ஒன்றுக்கொன்று தள்ளி, வெயில் படுகிற, மழை தெறிக்காத இடத்தில் வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் மூன்றும் ஒன்றுபோல்தான் இருக்கும். பொறுமை வேண்டும். விதைப்பருப்பில் சேமித்த தழைச்சத்தைச் செடி அதுவரை தின்றுகொண்டிருக்கும். அது தீர்ந்த பிறகுதான் ஒவ்வொன்றும் வேறு வேறாகத் தெரியும். முதல் தொட்டியில் அடி இலைகள் வெளுக்கின்றனவா, இரண்டாவதும் மூன்றாவதும் பச்சையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு மாதம் கழித்து மூன்றையும் மணலோடு கவிழ்த்து, வேரைக் கழுவி, முடிச்சுகளை எண்ணுங்கள். பச்சையாக நிற்கும் இரண்டில் எதில் முடிச்சு இருக்கிறது, எதில் இல்லை என்று நோட்டில் எழுதுங்கள். நான் சொன்னதற்கு மாறாக வந்தாலும் வந்ததை வந்தபடியே எழுதுங்கள். முதல் தொட்டியிலும் முடிச்சு வந்திருந்தால் மணலில் எங்கோ பாக்டீரியா தப்பித்திருக்கிறது, எங்கே என்று தேடுங்கள்.

எழுதிய நோட்டை, உங்கள் ஊரில் பயறு விதைக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். முடிந்தால் அவர் வயலிலேயே ஒரு செடியைத் தோண்டி, வேரைக் கழுவி, முடிச்சை அவர் கண் முன்னால் கிள்ளிக் காட்டுங்கள். உள்ளே சிவப்பு இருந்தால், அந்தப் பயிருக்கு இனி மேலுரமாக யூரியா தேவையா என்பதை வேளாண்மை அலுவலரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.